நவீன பேகன் நெறியில் இலையுதிர்கால அறுவடை விழா: ஓர் அறிமுகம்

ஆண்டுதோறும் செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாளை ஒட்டி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வட அமெரிக்காவிலும் பல வீடுகளில் ஒரு சிறு மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்து, அதன்மேல் ஆப்பிள், கருந்திராட்சை, பூசணி, ஓக் மரத்துக் காய்கள், ஒரு கைப்பிடிக் கோதுமைக் கதிர், ஒரு முழு ரொட்டி ஆகியவற்றைப் பரப்பி வைக்கிறார்கள். அருகே மெழுகுவத்திகளை ஏற்றுகிறார்கள்; ஒன்று வெள்ளையும் மற்றொன்று கறுப்புமாக இரண்டு வைப்போரும் உண்டு. பகலும் இரவும் ஒரே அளவில் நிற்கும் அந்த நாளைத் தம் அறுவடைத் திருநாளாகக் கொள்ளும் இவர்கள் நவீன பேகன் நெறியினர். இந்த விழா எங்கிருந்து வந்தது, அன்று என்ன செய்கிறார்கள், அதில் அவர்கள் காணும் பொருள் என்ன என்பதை, இதைப் பற்றி முன்பு கேள்விப்படாத வாசகருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலே தமிழ் வாசகர் நினைவுக்கு வருவான்; ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. இது 'பாகானுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. நாட்டுப்புறத்தார் என்பது அதன் பழைய பொருள். ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதவர்களை அவ்வாறு அழைத்தார்கள். நெடுங்காலம் இழிசொல்லாக இருந்த அதை 20ஆம் நூற்றாண்டில் சிலர் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டார்கள். இந்த நெறிக்கு ஒரே வேதநூல் இல்லை, ஒரே தலைமைப்பீடமும் இல்லை. தம்மைச் சூனியக்காரர் என்றே சொல்லிக்கொள்வோரின் விக்கா, பண்டை வடமேற்கு ஐரோப்பியரான கெல்டியரின் பூசாரிகள் பெயரைத் தாங்கிய ட்ரூயிட், வடஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஹீத்தன் எனப் பல கிளைகள் உண்டு. இயற்கையைப் புனிதமாகக் காண்பது, ஒன்றுக்கு மேற்பட்ட தெய்வங்களை வணங்குவது, பருவங்களின் ஓட்டத்தையே நாட்காட்டியாகக் கொள்வது ஆகியவை அவற்றுக்குப் பெரும்பாலும் பொதுவானவை. சாத்தான் கிறிஸ்தவ இறையியலைச் சேர்ந்த உரு. இவர்களுடைய வழிபாட்டில் அதற்கு இடமில்லை. 2021ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தம் சமயம் பேகன் என்றும், ஏறத்தாழ 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக்கொடுத்தார்கள்.

இந்த நாள் அவர்களுக்கு ஏன் முக்கியம் என்பதை உணர வேண்டுமானால், பிரிட்டன் இருக்கும் இடத்தை நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. பகல் குறைவதை நாம் கவனிப்பதுகூட இல்லை. லண்டனிலோ ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே இறங்கும் நாள்தான் செப்டம்பரின் சம இரவு நாள். பகல் மிக வேகமாகத் தேய்வதும் இந்த வாரங்களில்தான். லண்டனில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் குறைகிறது. நேற்று விளக்கில்லாமல் செய்த வேலையை அடுத்த வாரம் அதே நேரத்தில் விளக்கேற்றிச் செய்ய வேண்டியிருக்கும். (மிகத் துல்லியமாகப் பார்த்தால் அன்றும் பகல் இரவைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே இருக்கும், காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதும், சூரியன் ஒரு புள்ளியாக அன்றி வட்டாக இருப்பதும் அதற்குக் காரணம்.) இந்த நாளுக்கு மிக அருகில் வரும் முழுநிலவை அறுவடை நிலவு என்கிறார்கள். மற்ற மாதங்களில் நிலவு நாளுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதித்து எழும். இந்தச் சமயத்தில் வடக்கு நாடுகளில் அந்தத் தாமதம் அரை மணி அளவுக்குக் குறைந்துவிடுவதால், தொடர்ந்து சில மாலைகள் பொழுது சாய்ந்த கையோடு நிலவு எழுந்து வயலுக்கு வெளிச்சம் தரும்.

பேகன் நெறியினரில் பெரும்பாலோர் ஆண்டை எட்டு ஆரம் கொண்ட சக்கரமாகப் பார்க்கிறார்கள். மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் வரும் இரண்டு கதிர்த்திருப்ப நாட்கள், இரண்டு சம இரவு நாட்கள், இவற்றின் நடுவே வரும் நான்கு நாட்கள் என எட்டு விழாக்கள். இவற்றில் மூன்று அறுவடையைச் சார்ந்தவை. ஆகஸ்ட் முதல் நாள் தானிய அறுவடை. செப்டம்பரின் சம இரவு நாள் கனிகளின் அறுவடை. அக்டோபர் 31 அன்று மாலை தொடங்கும் சாவின், குளிர்காலத்துக்குத் தீவனம் போதாத கால்நடைகளை அறுத்துப் பதப்படுத்திய பழைய வழக்கத்தை ஒட்டி, மூன்றாம் அறுவடை. இந்த வரிசை அந்த மண்ணின் வேளாண்மையோடு பொருந்துகிறது: தெற்கு இங்கிலாந்தில் கோதுமை ஆகஸ்டில் அறுபடுகிறது, ஆப்பிள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் கூடைக்கு வருகிறது.

ஆகஸ்ட் விழாவுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. அயர்லாந்து வழியில் அது லூனசா. லூ என்னும் தெய்வம், தன்னை வளர்த்த தாய் டால்டியூவின் நினைவாக விளையாட்டு விழாவை ஏற்படுத்தியது என்று இடைக்கால அயர்லாந்து நூல்கள் கூறுகின்றன. உழவுக்கு நிலம் வேண்டிக் காடு வெட்டித் திருத்தியே அவள் உயிர்விட்டாள் என்பது கதை. ஆங்கிலேய வழியில் அது லாமஸ். புது மாவில் சுட்ட முதல் ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோன திருப்பலி நாள் என்பது அச்சொல்லின் பொருள். இந்த விழாவுக்கும் சாவினுக்கும் பழைய ஆதாரங்கள் உண்டு. நடுவில் நிற்கும் செப்டம்பர் விழாவின் கதை வேறு. புதிதாக அறிய வருபவர்கள் பெரும்பாலும் தவறான தகவலைப் பெறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

பல புத்தகங்களும் வாழ்த்து அட்டைகளும் இந்த விழாவை 'மேபன்' என்று அழைத்து, அது பண்டைக் கெல்டியர் கொண்டாடிய திருநாள் என்று எழுதுகின்றன. அது சரியன்று. செப்டம்பர் விழாவுக்கு மேபன் என்ற பெயரை இட்டவர் அமெரிக்கரான எய்டன் கெல்லி. காலம் 1970களின் முற்பகுதி. பேகன் நாட்காட்டி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த அவர், சில விழாக்களுக்குப் பழம்பெயர் இல்லாதிருப்பதைக் குறையாக உணர்ந்தார். கிரேக்கத்தில் எலூசிஸ் நகரின் இலையுதிர்கால மறைச்சடங்குகள், பாதாளத்துக்குக் கவர்ந்து செல்லப்பட்ட மகளையும் அவளைத் தேடிய தாயையும் பற்றியவை; அதற்கு இணையான கதையை வடமேற்கு ஐரோப்பிய மரபில் தேடி, வேல்ஸ் நாட்டு இடைக்காலக் கதை ஒன்றில் மேபனைக் கண்டெடுத்தார்.

அந்தக் கதை அழகானது. குல்ஹூக், ஓல்வென் என்ற காதலரின் கதைக்குள் வரும் கிளைக்கதை அது. மோட்ரன் என்னும் தாயின் மகனான மேபன், பிறந்து மூன்றாம் இரவில் தாயின் பக்கத்திலிருந்து களவு போகிறான். எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. பழங்கதை அரசன் ஆர்தரின் ஆட்கள் உலகின் மிக முதிய விலங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகிறார்கள். முதலில் ஒரு கருங்குருவி. "நான் குஞ்சாக இங்கு வந்தபோது ஒரு கொல்லனின் பட்டடைக் கல் இருந்தது, மாலைதோறும் என் அலகைத் தேய்த்ததைத் தவிர அதன்மேல் வேறு வேலை நடக்கவில்லை, இன்று கொட்டைப் பருப்பளவுகூட அதில் மிச்சமில்லை, ஆனாலும் மேபனைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை" என்கிறது அது. கருங்குருவி மானைக் காட்டுகிறது, மான் ஆந்தையை, ஆந்தை கழுகை. கடைசியில் எல்லாவற்றிலும் மூத்த சால்மன் மீன் ஒன்று, ஆற்றில் ஏறிப் போகும்போது குளூஸ்டர் கோட்டைச் சுவரருகே வேறெங்கும் காணாத துயரத்தைக் கண்டதாகச் சொல்லி, இருவரைத் தன் தோள்களில் சுமந்து போகிறது. மேபன் மீட்கப்படுகிறான். மேபன் என்றால் மகன், மோட்ரன் என்றால் தாய் என்பதே பொருள். ரோமானியர் காலத்துப் பிரிட்டனில் மப்போனஸ் என்ற தெய்வத்துக்கு எழுப்பிய கல்வெட்டுகள் கிடைத்திருப்பதால், இவன் ஒரு காலத்தில் வணங்கப்பட்ட தெய்வம் என்று கொள்ளவும் இடமுண்டு. ஆயினும் இந்தக் கதையில் அறுவடை இல்லை, செப்டம்பரும் இல்லை. ஒளி குறையும் பருவத்துக்குச் சிறைப்பட்ட மகனின் கதை பொருந்தும் என்று ஒருவர் எண்ணினார். எண்ணியது பலருக்குப் பிடித்துப்போனது.

எட்டு விழாக்களின் சக்கரமும் அதைவிடப் பெரிதும் பழையதன்று. விக்காவை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் 1884இல் பிறந்தவர். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் பிறகு மலாயாவிலும் வேலை பார்த்து, 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர். சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின், 1954இல் தம் நெறியைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவருடைய குழுவினர் முதலில் பெருவிழாக்களாகக் கொண்டாடியவை நான்கே. 1950களின் இறுதியில்தான் சம இரவு நாட்களும் கதிர்த்திருப்ப நாட்களும் அவற்றுக்கு இணையான இடம் பெற்றன. கார்ட்னரின் நண்பரும், 1964இல் ட்ரூயிட் அமைப்பு ஒன்றைத் தொடங்கியவருமான ராஸ் நிக்கல்ஸுக்கும் இந்த எட்டு நாள் அமைப்பில் பங்குண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரோனால்ட் ஹட்டன் இவற்றையெல்லாம் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். ட்ரூயிட்கள் செப்டம்பர் விழாவுக்கு வழங்கும் 'ஆல்பன் எல்வெட்' என்ற பெயரும் பண்டைக்காலத்தது அன்று. 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் ட்ரூயிட் சடங்கை நடத்திய வேல்ஸ் கவிஞர் இயோலோ மோர்கனுக்கின் ஆக்கம் அது.

அப்படியானால் இது பொய்யான விழாவா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்துத் தேவாலயங்கள் இன்று நடத்தும் அறுவடை நன்றிவிழாவும் 1843இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோ ஊர்ப் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர் தொடங்கி வைத்துப் பரவியதே. அதை யாரும் பொய் என்பதில்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் தேவை மிகப் பழையது, அதற்கு அமையும் சடங்கு புதிதாக இருக்கலாம். ஆங்கிலேயர் கிறிஸ்தவர் ஆவதற்கு முன் செப்டம்பரைப் 'புனித மாதம்' என்று அழைத்தார்கள் என 8ஆம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். அந்த மாதத்தில் என்ன செய்தார்கள் என்பதை அவர் விரிக்கவில்லை. பேகன் நெறியினரில் வரலாறு படித்தவர்கள் இந்த உண்மைகளை மறைப்பதும் இல்லை. தம் விழா தம் பாட்டன் தலைமுறையில் உருவானது என்று அறிந்தே அதை உளமாரக் கொண்டாடுகிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இனி விழா நாளுக்கு வருவோம். குழுவாகக் கூடும் விக்கா நெறியினர் முதலில் ஒரு வட்டத்தை வரைந்து அதைப் புனித இடமாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கோடாக அன்றி, வட்டத்தைச் சுற்றி நடந்தே அதை வகுப்பதும் உண்டு. பிறகு நான்கு திசைகளையும் அழைக்கிறார்கள்: பெரும்பாலான குழுக்களில் கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு நீருக்கு, வடக்கு நிலத்துக்கு. தேவியையும் தேவனையும் வரவேற்ற பின், ஆண்டில் தமக்குக் கிடைத்ததை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். வயலே இல்லாத நகரவாசிக்கு அது ஒரு வேலையாகவோ, தேறிய உடல்நலமாகவோ, முடிந்த படிப்பாகவோ இருக்கலாம். கிடைக்காமல் போனதையும், விட்டுவிட வேண்டியதையும் சொல்வதுண்டு. அதன்பின் ரொட்டியும், திராட்சை மதுவோ ஆப்பிளைப் புளிக்கவைத்த சைடரோ வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு கையாக வரும். உண்ணுவதற்கு முன் ஒரு பங்கைப் பிட்டும் வார்த்தும் நிலத்துக்குக் கொடுக்கிறார்கள். கடைசியில் திசைகளுக்கு நன்றி கூறி வட்டத்தைக் கலைக்கிறார்கள்.

இந்த விழாவில் ஆப்பிளை அறுக்கும் முறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாகக் காம்பிலிருந்து அடிவரை செங்குத்தாக அறுப்போம். இங்கே பழத்தைப் பக்கவாட்டில் கிடத்தி, நடுவில் குறுக்காக அறுக்கிறார்கள். இரண்டு பாதிகளையும் பிரித்தால், வெண்சதையின் நடுவில் ஐந்து விதையறைகள் ஐந்து முனை விண்மீனாக விரிந்திருக்கும். ஒவ்வொரு முனையிலும் பழுப்பு விதைகள். ஐந்து முனை விண்மீன் இவர்களுடைய முதன்மையான புனிதச் சின்னம். வீட்டில் ஓர் ஆப்பிள் இருந்தால் அறுத்துப் பாருங்கள். எத்தனையோ ஆப்பிள்களைத் தின்றும் பார்க்காமல் விட்ட ஒன்று கைக்குள்ளேயே இருந்திருப்பது தெரியும். ஒரு பாதியை உண்டு, மறுபாதியை மரத்தடியில் வைத்துவிட்டு வருவது பலருடைய வழக்கம்.

பேகன் நெறியினரில் பலர் எந்தக் குழுவிலும் சேராமல் தனியாகவே வழிபடுகிறார்கள். அவர்களுக்கு விழா என்பது காலையில் காட்டோரம் நடந்து உதிர்ந்த இலைகளையும் காய்களையும் பொறுக்குவதாகவோ, மாலையில் கருநாவல் போன்ற பிளாக்பெர்ரியில் ஜாம் காய்ச்சி அண்டை வீட்டுக்குக் கொடுப்பதாகவோ அமையும். பொதுவிடங்களிலும் விழா நடக்கிறது. பிரிம்ரோஸ் குன்றில் வெள்ளை அங்கி அணிந்த ட்ரூயிட்கள் சம இரவு நாளில் நண்பகலை ஒட்டிக் கூடுகிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கிடையே நின்று சூரிய உதயம் காண அன்று அதிகாலையில் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய பேகன் பெருமை நாள் கூட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில் நடக்கின்றன. வருவோரிடம் உணவுப் பொருட்களைத் திரட்டி, பசித்தோருக்கு வழங்கும் அமைப்புகளிடம் ஒப்படைப்பது அவற்றின் வழக்கம். விளைந்ததில் ஒரு பங்கு இல்லாதவருக்கு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சடங்கு சொல்லிவிட முடியாது.

எல்லாக் கிளைகளும் இதே நாளைக் கொண்டாடுவதில்லை. வடஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஹீத்தன் நெறியினரில் பலருக்கு எட்டு விழாச் சக்கரத்தைவிட, அக்டோபர் நடுவில் வரும் 'குளிர்கால இரவுகள்' என்ற விழாவே பெரிது. பருவம் தலைகீழாக இருக்கும் ஆஸ்திரேலியாவிலோ, பலர் இலையுதிர்கால விழாவை மார்ச் மாதச் சம இரவு நாளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

பழைய நாட்டுப்புற வழக்கங்களில் இந்த விழாவுக்குள் வந்து சேர்ந்தவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கடைசிக் கதிர்க்கட்டு. கார்ன்வாலில் வயலின் கடைசிப் பிடியை அறுப்பவர் அதை உயரத் தூக்கி, "எனக்குக் கிடைத்தது!" என்று மும்முறை கூவுவார். "என்ன கிடைத்தது?" என்று மற்றவர்கள் மும்முறை கேட்பார்கள். "கழுத்து! கழுத்து! கழுத்து!" என்பார் அவர். கடைசிக் கட்டுக்குத்தான் அங்கே கழுத்து என்று பெயர். இயந்திரங்கள் வந்தபின் மறைந்துபோன இந்த வழக்கத்தை, கார்ன்வாலின் பண்பாட்டுச் சங்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் மீட்டு நடத்திவருகின்றன. தானியத்தின் உயிர் கடைசிக் கதிரில் ஒதுங்கியிருப்பதாக உழவர்கள் நம்பினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் வில்ஹெல்ம் மன்ஹார்ட்டும், அவரைப் பின்பற்றி பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசரும் எழுதினார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்த விளக்கத்தை ஐயத்தோடு பார்க்கிறார்கள்; பேகன் நெறியினருக்கோ அது இன்றும் வாழும் படிமம்.

அந்தக் கடைசிக் கதிரில் பின்னப்படுவதை ஆங்கிலத்தில் 'கார்ன் டாலி' என்கிறார்கள்; நாம் கதிர்ப்பாவை எனலாம். கார்ன் என்றால் பிரிட்டனில் மக்காச்சோளம் அன்று, பொதுவாகத் தானியம். பாவை என்றாலும் எல்லாம் பெண்ணுருவாக இருப்பதில்லை. சுருள், குதிரைலாடம், விசிறி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் மாறும். இன்றைய கோதுமை வகைகள் குட்டையானவை, அறுவடை இயந்திரமும் தாளை நொறுக்கிவிடும். ஆகையால் பின்னுபவர்கள், 'மேரிஸ் விஜன்' போன்ற நெடுந்தாள் வகைகளைத் தேடி வாங்குகிறார்கள். காய்ந்த தாள் வளைத்தால் ஒடியும் என்பதால் முதலில் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார்கள். கதிரோடு கூடிய ஐந்து தாள்களைக் கதிருக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்டி, தாள்களை நாலாபுறமும் விரித்து, ஒன்றை அடுத்ததன் மேல் மடித்து, மடித்ததைச் சற்றே திருப்பி, மீண்டும் மடித்துக்கொண்டே போனால், நடுவில் கூடு விட்ட சுருள் விரலுக்குக் கீழே வளரும். ஒரு தாள் தீரும்போது, கோதுமைத் தாள் உள்ளே குழலாக இருப்பதால், புதுத் தாளின் மெல்லிய நுனியைப் பழைய தாளின் வாய்க்குள் செருகிவிட்டால் போதும், முடிச்சே வேண்டாம்.

முடித்த பாவையை அடுப்புக்கு மேலோ வாசல் நிலையிலோ தொங்கவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் அது அங்கேயே இருக்கும். உழவு தொடங்கும்போது ஏர் கிழிக்கும் முதல் சாலில் அதைப் போட்டு மூடுவது முறை. ஏரும் வயலும் இல்லாதவர்களில் சிலர், வசந்தம் வந்ததும் கதிரிலிருந்து மணிகளை உதிர்த்து ஒரு மண்தொட்டியில் விதைத்துவிட்டு, மீந்த தாளைக் கிள்ளி அதே மண்ணின்மேல் தூவுகிறார்கள்.